வீடு வாங்குமுன் செய்யும் கட்டட ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: முழுமையான வழிகாட்டி

வீடு வாங்கப் போகிறவர்கள் கட்டட ஆய்வாளர் ஒருவரை அழைத்து, வீட்டைச் சோதித்து அறிக்கை தரச் சொல்வது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த அறிக்கையை எதற்காக வாங்குகிறோம் என்ற தெளிவில்லாமல் வாங்குகிறவர்கள் பலர். அவர்களில் ஒரு சாரார், ஆய்வு முடிந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்று அறிக்கையை உத்தரவாதப் பத்திரமாகவே எண்ணிக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார், குறைகளின் நீண்ட பட்டியலைக் கண்டு மிரண்டு, சிறிய செலவில் சரியாகிவிடக்கூடிய நல்ல வீட்டைக் கைவிடுகிறார்கள். இரண்டும் பணத்தையும் மனநிம்மதியையும் பறிக்கக்கூடிய பிழைகள் என்பதால், ஆய்வு என்பது என்ன, அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்துகொள்வது நல்லது.

வீட்டு ஆய்வு என்பது, குறிப்பிட்ட ஒரு நாளில், வீட்டின் எந்தப் பகுதியையும் உடைக்காமலும் பெயர்க்காமலும், கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற பகுதிகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்து, அவற்றின் நிலையை எழுத்தில் தருவதாகும். 1976-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வகுத்துள்ள நடைமுறைத் தரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஆய்வு தொழில்நுட்ப ரீதியில் முற்றுமுழுதானது அல்ல, மறைந்திருக்கும் குறைகளை அது கண்டுபிடிக்காது. இந்த வரி ஆய்வாளர் தப்பித்துக்கொள்வதற்காக எழுதப்பட்டது என்று கருத வேண்டாம். சுவருக்குள் ஓடும் குழாயையும் தரைக்குக் கீழிருக்கும் அடித்தளத்தையும் யாராலும் வெளியே நின்று பார்க்க முடியாது என்ற உண்மையை அது ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முதல் படி: எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஆய்வாளர் விடை சொல்லக்கூடிய கேள்விகள் மூன்று. இந்த வீட்டில் இப்போது பழுதாகியிருப்பது அல்லது ஆபத்தாக இருப்பது எது? விரைவில் ஆயுள் முடியப்போகும் உறுப்புகள் எவை? மேற்கொண்டு நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டிய இடம் எது? வீடு கேட்கிற விலைக்குத் தகுமா என்பது மதிப்பீட்டாளரின் வேலை. பத்திரம் சரியாக உள்ளதா, எல்லைக் கல் சரியான இடத்தில் இருக்கிறதா, அனுமதி பெற்ற வரைபடத்தின்படி கட்டினார்களா என்பன வழக்கறிஞரும் நில அளவையரும் உள்ளூர் அலுவலகமும் பார்க்க வேண்டியவை. கடன் தரும் வங்கி தன் சார்பில் ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்த்திருந்தால், அது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அறிவதற்காகச் செய்யப்பட்டது. வாங்குபவர் அதை ஆய்வாக எண்ணக் கூடாது.

இரண்டாம் படி: ஆய்வாளரைத் தேர்ந்தெடுங்கள்

சில நாடுகளில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். வேறு பல இடங்களில் யார் வேண்டுமானாலும் தம்மை ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே சான்றிதழைக் கேட்பதோடு நிற்காமல், அவர் இதற்குமுன் எழுதிய அறிக்கை ஒன்றை, உரிமையாளரின் விவரங்களை நீக்கிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறையும் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில், எதனால் கவலைக்குரியது என்று படத்துடன் எழுதப்பட்டிருந்தால் அவர் கவனமானவர். எல்லா அறைக்கும் ‘திருப்தி’ என்று குறியிட்ட படிவம் மட்டும் வந்தால் வேறு ஒருவரைத் தேடுவதே நல்லது.

தரகர் பரிந்துரைக்கும் ஆய்வாளர் எல்லோருமே தவறானவர்கள் அல்லர். எனினும், விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கட்டணம், தரகர் திருப்தியடைந்தால்தான் ஆய்வாளருக்கு அடுத்த வேலை என்றிருக்கும்போது, ஆய்வாளரின் எழுத்து தன்னையறியாமலேயே மென்மையாகிவிடலாம். தாம் கண்ட குறையைத் தாமே பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்பவரையும் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருக்குக் குறை பெரிதாகத் தெரிவதில் ஆதாயம் இருக்கிறது.

மூன்றாம் படி: எல்லையை எழுத்தில் பெறுங்கள்

கட்டணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தைப் படித்து, எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்தவை, எவை சேராதவை என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தனியாக நிற்கும் கொட்டகை, மதில், கிணறு, கழிவுநீர்த் தொட்டி, நீச்சல் குளம், சூரிய மின்தகடு, கரையான் சோதனை ஆகியவை பெரும்பாலும் வெளியே விடப்படுபவை. பல ஒப்பந்தங்களில் ஆய்வாளரின் பொறுப்பு அவர் வாங்கிய கட்டணத்தின் அளவுக்கே வரையறுக்கப்பட்டிருக்கும். அந்த வரையறை செல்லுமா என்பது அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: வீட்டை ஆய்வுக்குத் தயார் செய்யச் சொல்லுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு அறிக்கையில் பாதிப் பக்கங்களுக்கு ‘பார்க்க இயலவில்லை’ என்று வந்து நிற்கும்போதுதான் வருந்துகிறார்கள். ஆய்வாளர் மேசை நாற்காலிகளை நகர்த்த மாட்டார், பூட்டிய அறையைத் திறக்க மாட்டார், துண்டிக்கப்பட்ட மின் இணைப்பையோ மூடிய தண்ணீர் வால்வையோ தாமாகத் திறந்துவிட மாட்டார். எனவே மின்சாரமும் தண்ணீரும் எரிவாயுவும் அன்று இயங்க வேண்டும். எல்லாச் சாவிகளும் கையில் இருக்க வேண்டும். மின் பலகைக்கு முன்னாலும் கூரைக்கு ஏறும் வழியிலும் அடுக்கியிருக்கும் பொருள்களை விற்பவர் அகற்றி வைத்திருக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பெரிய அலமாரியைச் சற்று முன்னே இழுத்துவைக்கும்படி கேட்பதும் பயனுள்ளது, ஏனெனில் காற்று புகாத அந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் படரும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஓரிரு நாளுக்குள் ஆய்வை வையுங்கள். பல மாத வெயிலுக்குப் பிறகு பார்க்கும் கூரை எதையும் சொல்லாது. வீட்டின் வயது, எந்த ஆண்டில் என்ன பழுது பார்த்தார்கள், எந்தப் பகுதியைப் பின்னால் சேர்த்துக் கட்டினார்கள் என்பனவற்றை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு ஆய்வாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அவர் பார்வை சரியான இடத்தில் ஊன்றும்.

ஐந்தாம் படி: ஆய்வு நாளில் கூடவே இருங்கள்

நடுத்தர அளவுள்ள வீட்டை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அரை மணியில் முடித்துவிட்டால் அது ஆய்வு ஆகாது. நல்ல ஆய்வாளர் வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே என்று ஒரு வரிசையில் செல்வார். நீர் மேலிருந்து கீழே வருவதால், கூரையில் கண்ட பிளவுக்கும் கீழறையில் கண்ட கறைக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் புலப்படும். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் சுவரை விட்டு விலகிச் சரிந்திருக்க வேண்டும். முதல் 3 மீட்டரில் 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. சுவரை நோக்கிச் சரிந்த நிலம் ஒவ்வொரு மழையிலும் அடித்தளத்துக்கு நீரை ஊட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக் குறைகளில் மிகுதியானவற்றுக்கு வேர் நீர்தான் என்பதால் ஓதத்தை, அதாவது சுவரில் தங்கும் ஈரத்தை, பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஈரம் இருக்கிறது என்று சொல்வது எளிது. எங்கிருந்து வருகிறது என்று சொல்வதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு ஒன்றை விட்டுவைக்கும். மழைநீர் ஊடுருவும் சுவரில், மழைக்குப் பின் திட்டாகக் கறை தோன்றி வெயிலில் வெளுக்கும். குழாய்க் கசிவோ மழை வெயில் பாராமல் ஒரே இடத்தில் இருந்துகொண்டிருக்கும். குளிர்ந்த மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், அறைக்குள்ளிருக்கும் காற்றின் ஈரமே சுவரில் படிந்து நீராகியிருக்கலாம். அதற்கு வேண்டியது காற்றோட்டம். காரணம் தெரியாமல் பூச்சைப் பெயர்த்து மறுபடி பூசினால் அடுத்த பருவத்தில் அதே கறை திரும்பிவிடும்.

ஆய்வாளர் கையிலுள்ள ஈரமானி சுவரில் படும்போது ஒலியெழுப்பினால், அது சுவருக்குள் தண்ணீர் இருப்பதைக் கண்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு ஊசிகள் கொண்ட அந்தக் கருவி அளப்பது மின்தடையை; அதன் எண்கள் மரத்துக்காக வகுக்கப்பட்டவை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுத்துப்போகும் அபாயம் தொடங்குகிறது என்று அந்த எண்ணைக்கொண்டு சொல்லலாம். செங்கல், காரைச் சுவரில் அதே எண் ஓர் ஒப்பீடு மட்டுமே. உப்புப் படிந்த காய்ந்த சுவரும் உலோகத் தாள் ஒட்டிய சுவரும் ஈரமுள்ளதுபோலக் காட்டிவிடும். வெப்பப்படக் கருவிக்கும் இதேபோன்ற எல்லை உண்டு. அது சுவரை ஊடுருவிப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே காட்டுகிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து தனியாகத் தெரியும் என்பதால் அது பயன்படுகிறது. வீட்டுக்கு உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலை நிலவும் வேளையில் அதில் தெரிவது மிகக் குறைவு.

அடுத்தது விரிசல். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோல் ஒன்றைப் பல நாட்டுப் பொறியாளர்களும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 0.1 மில்லிமீட்டருக்கு உட்பட்டது மயிரிழை விரிசல். 1 மில்லிமீட்டர் வரை வண்ணப் பூச்சோடு தீர்ந்துவிடும். 5 மில்லிமீட்டர் வரை அடைத்துப் பூசலாம். 5 முதல் 15 வரை கதவும் சன்னலும் இறுகத் தொடங்கும் நிலை. 15-ஐத் தாண்டினால் சுவரின் பகுதிகளை எடுத்துக் கட்டவேண்டி வரலாம். 25-க்கு மேல் கட்டடத்தின் நிலைப்பாடே கேள்விக்குரியது. அகலத்தைப் போலவே திசையும் முக்கியம். கதவு, சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் மெலியும் விரிசல், அடித்தளத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக இறங்கியிருப்பதைக் காட்டக்கூடும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசல், இரு பொருள்களும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது; பெரும்பாலும் அச்சப்பட வேண்டியதில்லை.

கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் கோட்டை ஒட்டியே விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரமே கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கும்போதோ, உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டும்போதோ, படலம் அழிந்து துரு பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே வண்ணம் அடித்தால் கறை மறையும், துருப்பிடிப்பு தொடரும். ஒரே ஓர் அறையின் கூரைக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

விரிசலைப் பற்றி ஆய்வாளரால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: அது இன்னும் நகர்கிறதா, பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டதா என்பது. களிமண் நிலம் வறட்சியில் சுருங்கி மழையில் விரியும். விரிசலும் அதற்கேற்பத் திறந்து மூடும். ஆகவே விரிசலின் அகலத்தைக் காட்டும் அளவி ஒன்றைப் பொருத்தி எல்லாப் பருவங்களிலும் குறைந்தது ஓராண்டு கவனித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒரு நாள் ஆய்வில் அதற்கு விடை கேட்பது நியாயமல்ல.

மின்சாரத்தில், ஆய்வாளர் பலகையின் மூடியைத் திறந்து கருகிய, தளர்ந்த இணைப்புகளைப் பார்ப்பார். சில பிளக் பாயின்ட்டுகளில் எர்த் இருக்கிறதா என்று சோதிப்பார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கருவியின் சோதனைப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கிறது, எர்த் கம்பியைச் சோதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். சுவருக்குள் ஓடும் வயரின் நிலை இந்தச் சோதனைகளில் தெரியாது.

கழிவுநீர்க் குழாய்களைப் பொறுத்தவரை, பல மாதம் பூட்டிக் கிடந்த வீடு குறிப்பாக ஏமாற்றும். பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டால் நீர் தாராளமாகப் போய்விடும். ஒரு குடும்பம் நாள் முழுவதும் குளித்துத் துவைத்துப் புழங்கும்போதுதான், மண்ணுக்கடியில் வேர் புகுந்து பாதி அடைத்துக்கொண்ட குழாய் தன்னை வெளிக்காட்டும். மேல்மாடிக் குளியலறை இருந்தால் ஷவரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, கீழறையின் கூரையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தரை ஓடுகளை விரல் முட்டியால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் அடியில் சாந்து பிடிக்கவில்லை என்று பொருள். குளியலறையில் அது ஈரம் இறங்கும் வழியாகவும் ஆகலாம்.

ஆறாம் படி: அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

அறிக்கை வந்ததும் எல்லோரும் குறைப்பட்டியலைத்தான் முதலில் திருப்புகிறார்கள். நான் சொல்வது, வரம்புகளைப் பற்றிய பகுதியை முதலில் படியுங்கள் என்பதே. அது பெரும்பாலும் கடைசியிலோ சிறிய எழுத்திலோ இருக்கும். ‘கூரையில் குறை காணப்படவில்லை’ என்ற வாக்கியமும் ‘கூரைக்கு ஏற வழியில்லாததால் தரையிலிருந்து பார்க்கப்பட்டது’ என்ற வாக்கியமும் ஒரே அறிக்கையில் வெவ்வேறு பக்கங்களில் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கூரையைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதுதான் உண்மையான செய்தி. பார்க்காத இடங்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மறுபடி பார்க்க ஏற்பாடு செய்வதா, அந்த ஐயத்தை விலையில் கணக்கிட்டுக்கொள்வதா என்று முடிவெடுங்கள்.

குறைகளைப் பொறுத்தவரை எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. உயிருக்கு ஆபத்தானவை, விட்டுவைத்தால் பரவிப் பெருகுபவை, வழக்கமான பராமரிப்பில் அடங்குபவை என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லாத நீர்ச்சூடாக்கி முதல் வகை. கூரைக் கசிவு இரண்டாம் வகை. இறுகிய கதவும் சொட்டும் குழாயும், எத்தனை இருந்தாலும், மூன்றாம் வகை. அறிக்கையில் புரியாத வரி இருந்தால் ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, ‘இது உங்கள் வீடாக இருந்தால் எதை முதலில் சரிசெய்வீர்கள்?’ என்று கேளுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்வது அவர் பொறுப்பல்ல.

ஏழாம் படி: தேவையான இடத்தில் மட்டும் நிபுணரை அழையுங்கள்

பொது ஆய்வு சுட்டிக்காட்டிய ஐயத்தைத் தீர்ப்பதற்கே நிபுணர் சோதனை. எல்லாவற்றையும் செய்துவிட முயன்றால் செலவுக்கு முடிவே இராது. சாய்வான பெரிய விரிசலுக்கும் துருப்பிடித்த கூரைக்கும் கட்டமைப்புப் பொறியாளர். நிலத்தடிக் குழாய்க்கு உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பவர். மரத்தில் மண்தடம் தெரிந்தால் கரையான் நிபுணர். பழைய கட்டடத்தின் கூரைத் தகட்டிலோ குழாய் உறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதைப் பார்வையால் உறுதி செய்ய முடியாது, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மாதிரியையும் பயிற்சி பெற்றவரே எடுக்க வேண்டும். தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்த அளவு ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அது இயலாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது. இதைக் கருவி வைத்து அளந்தால் மட்டுமே அறிய முடியும். ரேடான் மிகுந்த நிலப்பகுதி என்று அறியப்பட்ட இடங்களில் இதைத் தவறவிடக் கூடாது.

எட்டாம் படி: விலை பேசவும் விலகவும் அறிக்கையைப் பயன்படுத்துங்கள்

பழுதுபார்க்க ஆகும் செலவை, அந்த வேலையைச் செய்பவர்களிடம் எழுத்தில் பெறுங்கள். ஆய்வாளர் சொல்லும் தொகை தோராயமானது. பேச்சுவார்த்தையில் முதல் இரு வகைக் குறைகளை மட்டும் முன்வையுங்கள். வண்ணம் உதிர்ந்ததையும் கைப்பிடி ஆடுவதையும் சேர்த்துப் பேசினால் பெரிய குறைகளின் கனமும் குறைந்துவிடும். விற்பவரே சரிசெய்து தருவதாகச் சொன்னால், அவசரமான மலிவு வேலை நடக்க வாய்ப்புண்டு என்பதால், முடிந்தவரை விலையைக் குறைத்துக்கொண்டு நீங்களே செய்வது மேல். ஆய்வின் முடிவைப் பொறுத்து விலகும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கொரு கெடு இருக்கும். நிபுணர் சோதனைகளும் அதற்குள் முடிய வேண்டும்.

அடுக்குமாடியும் புதிய வீடும்

அடுக்குமாடி வீட்டில் ஆய்வாளர் பார்ப்பது உங்கள் நான்கு சுவர்களுக்குள் இருப்பதைத்தான். கூரை, தூண், மின்தூக்கி, பொதுக் குழாய்கள் ஆகியவை பலருக்கும் பொதுவானவை. ஆனால் அவற்றின் பழுதுச் செலவில் உங்களுக்கும் பங்குண்டு. ஆகவே குடியிருப்போர் சங்கத்தின் அண்மைக் கூட்டக் குறிப்புகளையும் பராமரிப்பு நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அங்கே கூரைக் கசிவைப் பற்றிய புகார் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தால், அது எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காத தகவல். புதிய வீட்டுக்கு ஆய்வு வேண்டாம் என்ற எண்ணமும் சரியல்ல. ஒரு மழைக்காலத்தைக்கூடக் காணாத கூரையையும், ஒரு குடும்பமும் புழங்காத குழாய்களையும் இன்னும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். கட்டியவரின் உத்தரவாதக் காலம் முடிவதற்கு ஓரிரு மாதம் முன்பாக இரண்டாவது ஆய்வு ஒன்றை வைத்தால், அதுவரை வெளிப்பட்ட குறைகளை அவர் செலவிலேயே சரிசெய்யக் கேட்கலாம்.

குடிபோன பிறகு அறிக்கையை எடுத்து, ‘கவனித்து வரவும்’ என்று எழுதப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் சென்று, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியையும் அகலத்தையும் பக்கத்தில் எழுதி, அளவுகோலை வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதே இடத்தை மறுபடி அளந்து, பொறியாளரை அழைக்க நேர்ந்தால் இந்த அளவுகளை அவரிடம் கொடுங்கள்.